ஆறு குப்பிகளும் மாமாவின் ஐஸும்

தாய்லாந்துக்குப் போய் வந்தவர்கள் கடற்கரையைப் பற்றி எழுதுவார்கள், பொன் பூசிய விகாரைகளைப் பற்றி எழுதுவார்கள். நான் போனது ஒரு தாங்கியைப் பார்க்க. துருப்பிடிக்காத உருக்கில் ஆளுயரத்துக்கு நிற்கும் தாங்கி. தலையில் குழாய்களும் வயர்களும் பின்னிக் கிடக்க, வயிற்றில் ஒரு சின்னக் கண்ணாடி யன்னல். அதற்குப் பக்கத்தில் நின்று எடுத்த படத்தை முதல்நாளே வீட்டுக்கு, மருதமுனைக்கு அனுப்பினேன். "இதென்ன, பால் பக்டரியா?" என்று கேட்டு எழுதினாள் என் மனைவி ரிஸ்வானா.

அதற்குப் பெயர் பயோரியாக்டர். உயிருள்ள கலங்களை, அதாவது செல்களை, ஒரு திரவத்தில் மிதக்கவிட்டு, தீனி போட்டு, சூடு பார்த்து, மூச்சுக்குக் காற்றுக் கொடுத்து வளர்க்கிற பாத்திரம். எங்கள் கரையோரப் பல்கலைக்கழக வளாகத்தில் நான் உயிரியல் படிப்பிக்கிறேன். அங்கும் ஒன்று இருக்கிறது, குடத்தளவில், கண்ணாடியில். ஏதோ ஒரு திட்டத்தில் நன்கொடையாக வந்தது. வந்த நாள்தொட்டு பொலித்தீன் போர்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தது. அதற்குள் போட எங்களிடம் ஒன்றும் இல்லை என்பதுதான் காரணம்.

போட வேண்டியது பாங்கொக்குக்கு வெளியே ஓர் ஆய்வுகூடத்தில் இருந்தது. ஹாம்ஸ்டர் என்ற எலிவகையின் சூலகத்திலிருந்து எப்போதோ எடுத்துப் பெருக்கிய கலங்கள். டெங்கு வைரஸின் வெளித்தோலைச் செய்யும் கட்டளையை மட்டும் அவற்றுக்குள் புகுத்தி வைத்திருந்தார்கள். கலங்கள் அந்தத் தோலுக்கான புரதங்களைச் செய்து வெளியே தள்ளும். அவை தாமாகவே உருண்டு கூடி, அச்சொட்டாக வைரஸ் போலவே நிற்கும். உள்ளே சரக்கு இருக்காது. பெருகாது, நோய் தராது. வைரஸின் சட்டை மட்டும்தான் அது. ஆனால் நம் உடம்பு அந்தச் சட்டையைப் பார்த்தே ஆளை அடையாளம் பிடித்து வைத்துக்கொள்ளும். தடுப்பூசிக்கு அது ஒரு வழி. அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், வந்திருக்கும் காய்ச்சல் டெங்குதானா என்று சொல்லும் சோதனைப் பட்டி செய்ய உதவும். எங்கள் ஆசை அந்தச் சோதனைப் பட்டியோடு நின்றிருந்தது.

அம்பாறைப் பக்கம் பிறந்தவனுக்கு வெளியூரில் முதல் சண்டை சோற்றோடுதான் வரும். சின்ன மூங்கில் கூடையில் சோறு வந்தது. பிசின் போல ஒட்டியது. கையால் பிய்த்து உருட்டித் தொட்டுக்கொள்ள வேண்டுமாம். எங்கள் வயலில் இப்படி வேகும் நெல் விளைந்தால் மில்காரன் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த எகத்தாளம் இரண்டு நாள்தான் நின்றது. பிறகு கூடை போதாமல் இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றேன்.

ஹலால் சாப்பாட்டுக்கு மரியம் என்ற அம்மாவின் கடை இருந்தது. தெற்கே பட்டானி மாகாணத்திலிருந்து வந்து குடியேறியவர். அவர் கதைப்பதில் பாதி மலாய், கால்வாசி ஆங்கிலம், மிச்சம் கை. நான் சுடச்சுடத் தேநீர் கேட்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இந்த வெயிலில் சூடாகவா? உங்கள் ஊரில் ஐஸ் கிடைக்காதா, பாவம்?" என்றார்.

அந்த ஊரில் எல்லாவற்றிலும் ஐஸ் போட்டார்கள். தேநீரில், கோப்பியில், இளநீரில், வெறும் தண்ணீரில்கூட. காலையில் கடைவாசல்களில் ஐஸ் மூட்டைகள் எங்கள் ஊர்ப் பாண் ரொட்டி மாதிரி இறங்கும். மாமா வந்திருந்தால் திரும்பி வரமாட்டார் என்று ரிஸ்வானாவுக்கு எழுதினேன்.

மாமா என்றால் அவளுடைய வாப்பா. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பது. நானும் அப்படி மாமாவின் வீட்டில் இருப்பவன். மருமகன் சொன்ன சொல்லுக்கு அந்த வீட்டில் மதிப்புண்டு. மருமகனும் மாமாவின் முகம் பார்த்து எதிர்த்துக் கதைக்கமாட்டான். மாமா மாளிகைக்காட்டில் கடற்கரையில் வாடி, அதாவது மீன் கொட்டில், வைத்து மீன் வாங்கி, ஐஸ் போட்டு, லொறியில் கொழும்புக்கு அனுப்புகிறவர். மாமாவின் அறுக்குளா மீன் கொழும்பில் இறங்கும்போதும் செவுள் சிவப்பாகவே இருக்கும் என்று கரையில் பேர்.

ஆய்வுகூடத்தில் எனக்குப் படிப்பித்தவரின் பெயர் நொய். அது செல்லப்பெயர், சின்னவள் என்று அர்த்தமாம். ஆள் என்னைவிட உயரம். தாங்கியை வேகமாகச் சுழற்றினால் கலங்கள் கிழியும், மெதுவாகச் சுழற்றினால் அடியில் படிந்து மூச்சு முட்டும், இரண்டுக்கும் நடுவில்தான் வேலை என்று தொடங்கினார். நான் முதல் முயற்சியிலேயே காற்றை அளவுக்கு மீறித் திறந்துவிட்டேன். நுரை கிளம்பி, மேலே இருந்த வடிகட்டி நனைந்து, அலாரம் அலறியது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நுரை போட்ட தேநீர் வேண்டுமென்றால் கீழே மரியம் இருக்கிறார்" என்றார் நொய், குரலை உயர்த்தாமல்.

கலங்கள் போதுமான அளவு பெருகியதும் தாங்கியின் சூட்டைக் குறைப்பார்கள். உடம்புச் சூட்டிலிருந்து சில பாகை இறக்கினால் கலங்கள் பெருகுவதை நிறுத்திவிட்டு, அந்த வைரஸ் சட்டைகளை நெய்வதில் முழுக் கவனத்தையும் வைக்குமாம். எங்கள் அரசாங்கக் கந்தோர்களில் ஏசி போட்டால் நிற்பது வேலைதான், இதற்கு நேர்மாறு என்று நான் சொன்னேன். நொய் சிரிக்கவில்லை. அவர்கள் கந்தோரிலும் ஏசி இருந்தது.

ஒருநாள் காலையில் அவசரத்தில் பிழையான பிக்அப்பில் ஏறிவிட்டேன். பின்பக்கம் உட்கார இரண்டு வாங்குப் பலகை போட்டு ஆள் ஏற்றும் வண்டி. எல்லா வண்டியும் ஒரே நிறம், ஒரே எழுத்து. எதிரில் இருந்த கிழவியிடம் ஆய்வுகூடத்தின் பெயரைச் சொன்னேன். அவர் தலையாட்டி, ஒரு ரம்புட்டான் பழத்தைக் கையில் வைத்தார். வண்டி போய் நின்றது ஒரு மீன் சந்தையில். வந்தது வந்தாயிற்று என்று சுற்றிப் பார்த்து, மீன் அடுக்கியிருந்த பெட்டிகளைப் படமெடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். வட்ஸ்அப்பில் உடனே குரல் வந்தது.

"மருமகன், அவனுகள் ஐஸ கட்டி கட்டியாப் போட்டிரிக்கானுகள். அது மீன்ட வயித்தக் குத்தும். தூளாக்கிப் போடச் செல்லுங்க. அடியில ஒரு படை, நடுவுல ஒரு படை, மேல ஒரு படை. ஒரு புடி உப்பும் தூவணும். நான் சென்னனெண்டு செல்லுங்க."

அந்தச் சந்தையில் யாரிடம் போய் எந்தப் பாஷையில் சொல்வது? சொல்லிவிட்டேன் என்று பதில் போட்டேன். மாமாவுக்குச் சந்தோசம்.

அறுவடை நாள் வந்தது. தாங்கியிலிருந்து வடித்த திரவத்தைத் தெளியவைத்து, கலங்களைப் பிரித்து, மிச்சத்தைச் சுத்திகரித்து, ஒரு துளியை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்தார்கள். திரையில் சின்னச் சின்ன உருண்டைகள். ஒரே அளவு, ஒரே வடிவம். "அல்ஹம்துலில்லாஹ்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். என்ன அர்த்தம் என்று நொய் கேட்டார். சொன்னேன். பிறகு, கேட்காமலேயே, நிஹாராவைப் பற்றியும் சொன்னேன்.

நிஹாரா என் மனைவியின் தங்கை, மாமாவின் கடைக்குட்டி. பல்கலைக்கழகம் போக எழுதும் ஏ.எல். சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தவள். போன மாரியில் காய்ச்சல் வந்தது. மாமா பனடோல் கொடுத்தார், கொத்தமல்லி அவித்துக் கொடுக்கச் சொன்னார். காய்ச்சல் விட்டதும் சுகமாகிவிட்டது என்று வாடிக்குப் போனார். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் பொல்லாத நேரம் என்பது வீட்டில் யாருக்கும் நினைவு வரவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பிந்திவிட்டது. அன்றிலிருந்து மாமா குறைவாகத்தான் கதைப்பார். ஐஸையும் மீனையும் பற்றி என்றால் கதைப்பார். நான் இந்த வேலைக்காகப் போகிறேன் என்று சொன்ன அன்று மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

நொய் எல்லாவற்றையும் கேட்டார். அன்று பின்னேரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு விசயம் சொன்னார். அந்த ஆய்வுகூடத்தை ஒரு கம்பனி வாங்குகிறது. கைமாறிய பிறகு ஒரு கலம்கூட வெளியே போகாது. உங்களுக்குத் தருவதாகக் கையொப்பமிட்டது பழைய ஆட்கள், அதனால் இப்போதே எடுத்துக்கொண்டு போங்கள், பிறகு நானே நினைத்தாலும் தரமுடியாது என்றார். ஆறு குப்பிகளை உறைய வைத்துத் தந்தார். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம். ஒன்று உயிரோடு போய்ச் சேர்ந்தாலே போதும், அதிலிருந்து எத்தனை தாங்கியும் நிரப்பலாம்.

ரெஜிபோம் என்கிற இலேசான வெள்ளை நுரைப் பெட்டியில் உலர் பனிக்கட்டியை நிரப்பி, நடுவில் குப்பிகளைப் புதைத்தோம். உலர் பனிக்கட்டி என்றால் தண்ணீரில் செய்த ஐஸ் இல்லை, கரியமில வாயுவை உறையவைத்தது. சாதாரண ஐஸைவிட எவ்வளவோ குளிர். உருகித் தண்ணீர் விடாது, புகையாகவே கரைந்துபோகும். அந்தக் குளிரில்தான் கலங்கள் உயிரோடு தூங்கும்.

விமானம் ஏறுமுன் மாமா தொலைபேசியில் கேட்டார்: "என்ன மருமகன் கொண்டு வாறீங்க?"

"மருந்துக்கு வித்து மாமா" என்றேன். "குளிர் போகாமக் கொண்டு வரணும்."

வித்து என்றதும் அவருக்கு விளங்கியது, மூதாதையர் வயல் செய்தவர்கள். எலியின் கலம் என்று நான் சொல்லவில்லை. அறுவடைக் காலத்தில் எலியோடு போராடி, எலிக்காய்ச்சலுக்குப் பயந்து வாழும் ஊர். எலியின் உடம்பிலிருந்து வந்த ஒன்றை வீட்டுக்குள் வைக்க மாமி விடமாட்டார் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் ஒரு நாள் முகம் சுளித்திருப்பார்கள். பெட்டியின் பக்கமும் யாரும் போயிருக்கமாட்டார்கள்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சுங்க உத்தியோகத்தர் கடதாசிகளைப் புரட்டிவிட்டு, பெட்டியின் ஓரத்தால் கசிந்த புகையைப் பார்த்தார். டெங்கு ஆராய்ச்சிக்கு என்றேன். அவர் பக்கத்து மேசைக்காரரிடம் சிங்களத்தில் சொன்னது எனக்கு விளங்கியது: "என் மகன் போன மாதம் முழுக்க வார்டில் கிடந்தான். இவரைப் பிடித்து வைத்திராமல் அனுப்பு." முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். இவ்வளவு லேசாக அந்த வாசலை நான் ஒருநாளும் கடந்ததில்லை.

வாகனச் சாரதி நிந்தவூர்க்காரர், ஜவ்பர். பெட்டியைப் பார்த்ததுமே ஓர் எட்டுப் பின்வாங்கினார்.

"சேர், உள்ளுக்க என்ன அவியுது?"

"ஐஸ்தான் தம்பி."

"ஐஸ் புகையுமா சேர்? வெடிச்சிக் கிடிச்சிப் போகாதே? எனக்கு மூணு புள்ள இரிக்கி."

வெடிக்காது, ஆனால் அந்த வாயு வாகனத்துக்குள் நிறைந்தால் மயக்கம் வரும், யன்னலைத் திறந்து வையுங்கள் என்றேன். இரண்டாவதாகச் சொன்னது முதலாவதைக் கெடுத்துவிட்டது. நான்கு யன்னலையும் திறந்தார். மழை பிடித்தது. மூடவும் பயம், நனையவும் விருப்பமில்லை. மலைப்பாதை முழுக்க இருவரும் சாரலில் நனைந்துகொண்டே வந்தோம். ஜவ்பர் என்னைத் திட்டவில்லை. மழையைத் திட்டினார், அது எனக்கும் சேர்த்துத்தான்.

இறக்கத்தில் ஃபேன்பெல்ட் அறுந்தது. பட்டறைக்காரர் வேறோர் ஊருக்குப் போய்த்தான் பெல்ட் எடுத்து வரவேண்டும் என்றார். வீதியோரக் கடையில் அவித்த சோளம் தின்று, பிளேன்டீ குடித்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். கடைக்காரப் பெண் தன் பிள்ளையிடம் சிங்களத்தில் சொன்னாள்: "அந்த ஐயா ஐஸ்கிறீம் வைத்துக்கொண்டு யாருக்கும் கொடுக்காமல் இருக்கிறார், பார்." பகலின் பெரும்பகுதி அங்கேயே போய்விட்டது.

நேரே வளாகத்துக்குப் போய் ஆய்வுகூடத்தின் ஆழ்குளிர் தாங்கியில் குப்பிகளைப் போடுவதுதான் என் திட்டம். மாவடிப்பள்ளி வயல்களைத் தாண்டும்போது அந்தி மஃரிப் பாங்கு கேட்டது. ஆய்வுகூடம் பூட்டிக் கிடந்தது, வளாக வாசலில் காவலாளி ஓடிவந்தார்.

"திறப்புப் பொறுப்பானவர் அக்கரைப்பற்றுக்குக் கலியாண வீட்ட போயிட்டாரு சேர். திறப்பும் அவர்ட சட்டப் பையிக்குள்ளதான். நான் எடுத்துப் பாத்தன், போன் அடிக்கிது, தூக்கிறாரில்ல."

மூடியைத் திறந்து பார்த்தேன். உலர் பனிக்கட்டி பாதிக்கு மேல் இருந்தது. நாளை மத்தியானம் வரைக்கும் தாங்கும். அக்கரைப்பற்று தூரமில்லை. கலியாண வீட்டுக்குப் போய், பந்தியிலிருந்து ஆளை எழுப்பி, திறப்பை வாங்கி வந்திருக்கலாம். ஜவ்பர்கூட, "போவமா சேர்?" என்று கேட்டார். நனைந்த உடுப்போடு கலியாண வீட்டில் போய் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. வீட்டுக்கு விடுங்கள் என்றேன். அந்தக் கூச்சத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

வீட்டில் மாமி இடியப்பமும் சொதியும் வைத்திருந்தார். பெட்டியைக் குசினி மூலையில், யன்னலடியில் வைத்தேன். மாமா அதை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். தொடவில்லை.

"இதா வித்து?"

"ஓம் மாமா. குளிர் மட்டும் குறையக் கூடாது. காலையில கொண்டு போயிருவன்."

"நீங்க படுங்க மருமகன். நான் பாத்துக்கிறன்" என்றார். பாத்துக்கிறன் என்றதை வீட்டில் எல்லாரும் சொல்வதுபோலத்தான் எடுத்துக்கொண்டேன். இரண்டு கிழமைக்குப் பிறகு என் கட்டிலில் படுத்தேன். மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. அடித்துப்போட்டதுபோல் தூங்கினேன்.

விடிந்து எழுந்தபோது மாமா குசினியில் சாரனை மடித்துக் கட்டி நின்றார். கை விரல்கள் சிவந்திருந்தன. முகத்தில் அப்படி ஒரு தெளிவை நிஹாரா போன பிறகு நான் கண்டதில்லை.

"மருமகன், பயப்படாதீங்க, நான் சரியாக்கிப் போட்டன். சுபஹுக்கு எழும்பிப் பாக்கன், பெட்டியால புகையா அடிக்கிது. திறந்து பாத்தா அந்த ஐஸ் பழுதாப் போயிட்டு. பாதிதான் கிடக்கு. ஒரு சொட்டுத் தண்ணியுமில்ல, கையில பட்டா நெருப்பு மாதிரிச் சுடுது. தண்ணி விடாத ஐஸ் என்ன ஐஸ்? அத வழிச்சி வளவுக்குள்ள கொட்டிட்டு, வாடியில போய் நம்மட ஐஸ் கொண்டு வந்தன். நானே கையால தூளாக்கி, அடியில ஒரு படை, மேல ஒரு படை போட்டு, உப்பும் தூவி, உங்கட குப்பியள நடுவுல படுக்க வெச்சிரிக்கன். கொழும்புக்குப் போற அறுக்குளாவையும் நான் இப்பிடி அடுக்கினதில்ல."

மூடியைத் திறந்தேன். வெள்ளை வெளேரென்று, பஞ்சு மாதிரி ஐஸ். ஒரு குப்பியை எடுத்துச் சாய்த்தேன். உள்ளே கல்லாக இருக்க வேண்டியது தண்ணீராக அசைந்தது.

மீனுக்கு அந்த ஐஸ் குளிர். ஆழ்குளிரில் தூங்கும் கலங்களுக்கு அதே ஐஸ் மத்தியான வெயில். உறையும்போது காப்பாற்றுவதற்காகச் சேர்க்கும் மருந்தே, உருகிய பிறகு கழுவாமல் விட்டால் அவற்றுக்கு நஞ்சு. இதையெல்லாம் படிப்பிக்கிறவன் நான். மாமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "நல்லம் மாமா" என்றேன்.

ரிஸ்வானா வாசல்வரை வந்தாள். என் முகத்திலேயே எல்லாம் தெரிந்துவிட்டது போலும்.

"செத்துப் போயிட்டா?"

"தெரியா. போய்ப் பாக்கணும்."

"என்ன நடந்தாலும் வாப்பாக்கிட்ட செல்லிராதீங்க. தங்கச்சிட விசயத்துல இன்னும் தன்னத்தான் ஏசிக்கிட்டு இரிக்காரு. இதையும் தான்தான் கெடுத்ததெண்டு தெரிஞ்சா, அவரு தாங்கமாட்டாரு."

வளாகத்தில் திறப்புக்காரர் சிரித்துக்கொண்டு நின்றார், கலியாண வீட்டுத் தொதல் இனிப்பும் கொண்டு வந்திருந்தார். நேரே உள்ளே போய்க் குப்பிகளிலிருந்த கலங்களைக் கழுவி, ஒவ்வொன்றிலும் ஒரு துளி எடுத்து, நீலச் சாயம் கலந்து நுணுக்குக்காட்டியில் வைத்தேன். உயிருள்ள கலம் சாயத்தை உள்ளே விடாது, வெளிச்சமாகத் தெரியும். செத்தது நீலமாகிவிடும். முதல் குப்பி நீலம். அடுத்ததும் நீலம். ஒன்றில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளிச்சம் தெரிந்தது. அவற்றைப் புதிய திரவத்தில் விட்டு, சூட்டில் வைத்து, யா அல்லாஹ் என்று காத்திருந்தேன்.

பயோரியாக்டரின் பொலித்தீனை அன்றுதான் கழற்றினேன். கலங்கள் எழும்பினால் தயாராக இருக்கட்டும் என்று கழுவி, கிருமி நீக்கி, வெறும் திரவத்தை ஊற்றி ஓடவிட்டேன். சூடு சரியாக நின்றது, சுழல்வதும் சரியாக இருந்தது. நொய் காட்டித் தந்தபடி காற்றை அளவாகத் திறந்தேன், நுரை வரவில்லை. மாணவர்கள் வந்து பார்த்துப் போனார்கள். ஒரு குறையும் இல்லாமல், உள்ளே ஒன்றுமில்லாமல், அது ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளி வாசலில் ஆட்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். மாமா எல்லாரிடமும் சொல்லியிருந்தார். வாடிக்காரர், வலைக்காரர், கொழும்பு லொறிக்காரர் எல்லாரும் கை கொடுத்தார்கள். "டெங்குக்கு மருந்து வந்திட்டாமே, மாஷா அல்லாஹ்" என்றார் ஒருவர். "தாய்லாந்து ஐஸ் கைவிட்டுட்டாம். மாளிகைக்காட்டு ஐஸ்தான் காப்பாத்தினதாம்" என்றார் இன்னொருவர். மாமா கொஞ்சம் தள்ளி, செருப்பைத் தேடுவதுபோல் குனிந்து நின்றார். அவர் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

வெளிச்சமாகத் தெரிந்த கலங்கள் ஒவ்வொன்றாக உருண்டு சுருங்கின. தீனியை மாற்றினேன், சூட்டைச் சரிபார்த்தேன், தெரிந்ததெல்லாம் செய்தேன். கடைசியில் குடுவைக்குள் மிதந்தது குப்பைதான். நொய்க்கு எழுதினேன். கைமாற்றம் முடிந்துவிட்டது, நானே இப்போது அடையாள அட்டை காட்டித்தான் உள்ளே போகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. பயோரியாக்டரை நிறுத்தி, கழுவிக் காயவைத்து, பொலித்தீனைத் திரும்பப் போர்த்தினேன்.

மாமாவிடம் எவ்வளவு நாள் மறைப்பது? ஒவ்வொரு நாளும் சாப்பிட உட்காரும்போது, "முளைச்சிட்டா?" என்று கேட்பார். இன்னும் இல்லை என்பேன். ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு வாடிக்குப் போனேன். படகுகள் வந்து மீன் இறங்கிக்கொண்டிருந்தது. மாமா ஐஸ் உடைப்பதை மேற்பார்த்து நின்றார். என்னைக் கண்டதும் ஓரமாக வந்தார்.

"மாமா, அந்த வித்து முளைக்கல்ல" என்றேன்.

"எல்லாமா?"

"எல்லாம்."

கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐஸ் உடைக்கிறவர்கள் அவரது சொல்லுக்காக நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். அவர் கவனிக்கவில்லை.

"அந்தப் புகை ஐஸ்தான் கெடுத்திரிக்கி" என்றார் மெதுவாக. "நீங்க வந்த அண்டைக்கே நான் திறந்து பாத்திரிக்கணும். விடியட்டுமெண்டு இரிந்திட்டன். புள்ளைக்கும் பிந்தினன். இதுக்கும் பிந்தித்தான் எழும்பியிரிக்கன்."

அவரைக் காப்பாற்றத்தானே நான் வாயை மூடியிருந்தேன். பிழையை அவர் எப்படியோ தேடி எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். பிந்தவில்லை மாமா, அந்தப் பெட்டியை நீங்கள் தொடாமல் இருந்திருந்தால் போதும் என்று சொல்லலாமா? எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமா அதைப் பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்தார். கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது.

"அழாதீங்க மருமகன். அடுத்த முற போங்க, கொண்டு வாங்க. நான் நம்மட லொறியிலயே ஐஸ் ஏத்திக்கிட்டு எயாபோட்டுக்கு வாறன். இறங்கின இடத்திலயே மாத்திப் போடுவம், ஒரு நிமிசம் பிந்தவிடமாட்டன். இன்ஷா அல்லாஹ்."

அடுத்த முறை என்று ஒன்று இல்லை.

"ஓம் மாமா" என்றேன்.